பாலே தோட்டத்தின் மூடு நாள்

அந்தத் தோட்டத்துக்குப் பாலே தோட்டம் என்று பெயர். பாலே என்றால் அரண்மனை. அரண்மனை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்பது கல்படிகள்தான் இருந்தன. ஏறிப் போனால் மேலே ஒன்றும் கிடையாது, புல்தான். சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் வேனிலிருந்து இறங்கி, படியில் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டு, ஏறிய வழியே இறங்கிப் போவார்கள். வழிகாட்டி ஜில்பெர் அவர்களிடம் இங்கே ஓர் இளவரசி இருந்தாள் என்பான். பிரெஞ்சு ராஜா வந்து ஒரு மாதம் தங்கினார் என்பான். தோட்டக் காவலர் வீரசாமி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

ராஜாவும் வரவில்லை, கூஜாவும் வரவில்லை. கட்டியவன் கெர்வால் என்கிற கரும்பு முதலாளி. கீழே கடலோர ஊர்களில் மலேரியாவில் ஜனங்கள் கும்பல் கும்பலாகச் செத்தபோது, பணம் இருந்தவன் குளிர்ந்த மேட்டுக்கு ஓடி வந்தான். ஓடி வந்த இடத்தில் அரண்மனை கட்டினான். கல் சுமந்தவர்கள் பெயர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒரு புயலில் கூரை போயிற்று, இன்னொரு புயலில் சுவர் போயிற்று. மிச்சமிருந்த கல்லைக் கெர்வால் குடும்பத்தாரே சர்க்கரை ஆலைக்கு விற்றார்கள். இவ்வளவுதான் அரண்மனையின் கதை. இதற்கு மேல் எவன் சொன்னாலும் நம்பக் கூடாது என்பது வீரசாமியின் கட்சி. அவர் பொதுவாகவே எவன் சொன்னாலும் நம்புகிறவர் இல்லை.

அரண்மனை போனாலும் கேட் போகவில்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்புக் கேட். அதை ஒட்டி உள்பக்கம் காவலனுக்கு ஒரு கல் வீடு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. வீரசாமி அங்கே குடிவந்தது அறுபத்தொன்றில். முந்தைய வருஷம் கரோல் புயல் அவருடைய தகர வீட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. தகரம் எங்கே போய் விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. அவரும் பெண்டாட்டி சிவகாமியும் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது குடும்பங்களோடு, நடுவில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு பதினோரு மாதம் கிடந்தார்கள். முதல் பிள்ளை அங்கேதான் பிறந்தது, அங்கேயே காய்ச்சல் கண்டு போயிற்று. கல் வீட்டுக்கு வந்த அன்று சிவகாமி சாமான்களைக்கூட இறக்கி வைக்காமல் சுவரைக் கையால் குத்திப் பார்த்தாள். கை வலிக்கும்வரை குத்தினாள். "இது போவாது," என்றாள்.

வீடு கெர்வால் குடும்பத்துடையது, சம்பளம் நகரசபையுடையது. இப்படி ஒரு கோணல் ஏற்பாட்டுக்குக் காரணம் ஒரு பத்திரம். முப்பத்தொன்றாம் வருஷம் குடும்பமும் நகரசபையும் எழுதிக்கொண்டது. ஊர் ஜனங்கள் தோட்டத்தில் நடக்கலாம், உட்காரலாம், நகரசபை புல் வெட்டிப் பராமரிக்கலாம். ஆனால் நிலம் குடும்பத்தின் நிலம். அதற்கு அடையாளமாக வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆகஸ்ட் இருபத்தைந்து, சேன் லூயி என்கிற புனிதரின் திருநாளன்று, காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை காவலன் தோட்டத்தை ஜனங்களுக்கு மூடி வைக்க வேண்டும். எந்த வருஷமாவது மூடாமல் விட்டால் அன்றோடு நிலம் ஊருக்குச் சொந்தம்.

வீரசாமிக்குப் படிக்கத் தெரியாது. குடும்பத்தின் மூத்த பெண்மணி மதாம் எவெலின் முதல் வருஷமே அவரைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, "மூடலேன்னா அந்த வீடும் உனக்கு இல்ல," என்றும் சொன்னார். வீரசாமிக்கு அந்தக் கடைசி வரிதான் காதில் விழுந்தது.

மூடு நாளன்று மதாமின் கறுப்புக் கார் ஏதாவது ஒரு நேரத்தில் கேட்டைக் கடந்து போகும். நிற்காது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் திரும்பும், அவ்வளவுதான். எந்த நேரம் என்று தெரியாது என்பதால் வீரசாமி நாள் முழுவதும் உள்ளே இருப்பார். மறுநாள் காலை மதாமின் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய் நிற்க வேண்டும். மதாம் வராந்தாவிலிருந்து, "ஃபெர்மே?" என்று கேட்பார். மூடினாயா என்று அர்த்தம். "ஃபெர்மே, மதாம்." முடிந்தது. ஒரு பழைய கம்பளிச் சட்டையோ ஒரு சீப்பு வாழைப்பழமோ வரும். இருபத்தேழு வருஷம் இப்படி நடந்தது.

வீரசாமிக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் இருக்கிறது. சிமெண்ட் பெஞ்சும் உண்டு. அவர் அங்கே ஏற மாட்டார், இறங்கவும் மாட்டார். மழையாக இருந்தாலும் அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பார். பஸ் கண்டக்டர்கள் எல்லாருக்கும் இது தெரியும், தோந்தோன், அதாவது மாமா, என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள்.

"என்ன தோந்தோன், அந்த ஸ்டாப்பு உன்னக் கடிக்குமா?"

"உன் பஸ்ஸு நாறுது. ஒரு ஸ்டாப்பு நடந்தா அந்த அளவுக்கு நாத்தம் மிச்சம்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

எண்பத்தெட்டில் மதாம் எவெலின் இறந்துபோனார். மருமகன் முறையான இவ் என்பவர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினார், ஊருக்கு அவர் மிசே இவ், துரை என்கிற மாதிரி. அப்போது ஊரில் மூலைக்கு மூலை ஸ்வெட்டர் ஃபாக்டரி முளைத்துக்கொண்டிருந்தது. விடிவதற்குள் பெண்களை அள்ளிக்கொண்டு லாரிகள் போகும். தோட்டத்தின் இடத்தில் நான்கு மாடியில் ஒரு ஃபாக்டரியும், கீழே சுற்றுலாக்காரர்களுக்குச் சட்டை விற்கிற கடையும் கட்ட ஒரு கம்பெனி விலை பேசியிருந்தது. நகரசபை குறுக்கே வந்தது. ஒரு வருஷம் தோட்டம் மூடப்படவில்லை, ஆகவே பத்திரப்படி நிலம் ஊருக்குச் சொந்தம் என்று வழக்குப் போட்டது. அவர்கள் சொன்ன வருஷம் எழுபத்தைந்து.

அதைக் கிளப்பியது மார்க்கெட்டில் காத்தோ பிமா விற்கிற பியெரெட். காத்தோ பிமா என்றால் நம் பருப்பு வடைதான், மிளகாய் கொஞ்சம் கூடுதல். "அந்த வருஷம் மூடு நாள்ல நாங்க நாப்பது பேரு தோட்டத்துக்குள்ள இருந்தோம். வீரசாமி எங்களக் கோழி மாதிரி அடைச்சு வச்சிருந்தான்," என்று பல வருஷமாக வேடிக்கையாகச் சொல்லிவந்தாள். நகரசபை வக்கீலின் காதுக்குப் போன பிறகு அது வேடிக்கையாக இல்லாமல் போயிற்று. கெர்வால் தரப்பு, இவர்கள் சுவர் ஏறிக் குதித்த திருட்டுக் கூட்டம், கேட் திறக்கவே இல்லை என்றது. திறந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருவர்தான்.

முதலில் மிசே இவ் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. கார் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"வீரசாமி, எங்க அத்தை உன்ன எவ்வளவு நம்பினாங்க தெரியுமா?"

"நம்பினவங்க எதுக்கு வருஷா வருஷம் கார்ல வந்து பாத்தாங்க, மிசே?"

அவர் சிரித்தார். கோபம் வந்தால் சிரிக்கிற சாதி. "வருஷா வருஷம் நீ 'ஃபெர்மே'ன்னு சொன்னே. எழுபத்தஞ்சுலயும் சொன்னே. கோர்ட்டுல அதையே சொல்லு, போதும். இந்த வீடு நீ சாகிற வரைக்கும் உனக்கு. ஃபாக்டரி வந்தாலும் இந்த வீட்ட இடிக்க மாட்டோம். எழுதித் தரேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"அப்போ நான் சொல்றத நம்பு."

"அதுக்குப் படிக்கவே கத்துக்கலாம்," என்றார் வீரசாமி. கார் கிளம்பிப் போயிற்று. நான்கு மாடிக் கட்டடத்தின் காலடியில் இந்த ஓர் அறையில் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். இங்கே இல்லாமல் வேறெங்கே என்றும் நினைத்துப் பார்த்தார். வேறெங்கேயும் இல்லை.

அடுத்த வாரம் நகரசபையின் வக்கீல் கோபாலகிருஷ்ணன் வந்தார், வக்கீல்களை மெத்ர் என்று அழைப்பது அங்கே வழக்கம். கோவில் கமிட்டியில் பெரிய ஆள். கைகூப்பி, "வணக்கம் ஐயா, சௌக்கியமா?" என்று தமிழில் ஆரம்பித்தார். அதோடு அவருடைய தமிழும் தீர்ந்தது, வீரசாமியுடையதும் தீர்ந்தது. மற்றதெல்லாம் ஊர்ப் பேச்சான கிரியோலில்தான்.

"அன்னைக்கு உங்க மனைவிக்கு உடம்பு சரியில்ல, இல்லையா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டைத் திறந்தீங்க. எந்த மனுஷனும் திறப்பான். திறந்தப்போ ஜனங்க உள்ள வந்துட்டாங்க. இதுல உங்க மேல தப்பே இல்ல. அத மட்டும் சொன்னா போதும், 'காவலன் நான்தான் திறந்தேன்'னு. தோட்டம் ஊருக்கு வந்துடும். உங்க வேலை இருக்கும், பென்ஷன் இருக்கும், வீட்டையும் நாங்க பாத்துக்கறோம்."

"வேற யாராவது திறந்திருந்தா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பேச்சே வேணாம். காவலன் மூடணும்னுதான் பத்திரம். காவலன் திறந்தாத்தான் நமக்கு ஜெயம். வேற யாரோ சாவிய எடுத்துத் திறந்தாங்கன்னு நீங்க சொன்னா, 'அது திருட்டு, செல்லாது'ன்னு அவங்க வக்கீல் பிடிச்சுக்குவார். ஐயா, நீங்கதானே திறந்தீங்க?"

பெரிய மனிதர்கள் கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுப்பார்கள் என்று வீரசாமிக்குத் தெரியும்.

இருவரையும் அவர் சமாளித்திருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் வாசுகி வந்தாள். வயது இருபத்துநாலு. ரோஸ் பெல்லில் புருஷன் வீடு, ஸ்வெட்டர் ஃபாக்டரியில் காலர் தைக்கிற வேலை. வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, கோர்ட்டுக்கு நானும் வரேன். லீவு சொல்லிட்டேன்."

"எதுக்கு? சம்பளம் பிடிப்பான்."

"பிடிக்கட்டும். ஃபாக்டரில எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். எங்கப்பா எங்கம்மாவுக்காகக் கேட்டைத் திறந்தாரு, அதனால தோட்டமே ஊருக்கு வரப்போவுதுன்னு." பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். "நீ ஏன் இப்படி உம்முன்னு இருக்கே? பொய்யா சொல்லச் சொல்றாங்க? நீதானே அம்மாவப் பஸ்ஸுல ஏத்தி விட்டே?"

பதினாலு வருஷத்துக்கு முன்னால், தாயில்லாமல் போன பத்து வயதுப் பிள்ளையிடம் அவர் சொன்ன கதை அது. "கேட்டைத் திறந்து நானே பஸ்ஸுல ஏத்தி விட்டேன்." ஒரே தடவைதான் சொன்னார். பிள்ளை அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டது.

நடந்தது வேறு.

அன்று காலையிலிருந்தே மேட்டு ஊருக்கே உரிய சாரல். வாசுகி ஆறு மணிக்கு முன்பே மார்க்கெட் பக்கத்து உறவுக்காரி வீட்டுக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கூடம் போயிருந்தாள். சிவகாமிக்கு இரண்டு நாளாக வயிற்று வலி. ஒன்பது மணிக்கு அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். முடியல."

"ஆறு மணிக்குப் போலாம்."

"ஆறு மணி வரைக்குமா?"

"இன்னைக்கு மூடு நாள். மதாம் கார் இன்னும் வரல."

"ஒரு நிமிஷம் திறந்து மூடுங்க."

"அந்த ஒரு நிமிஷத்துல வந்துட்டா? மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறியா? சேலையத் திரையாக் கட்டிக்கிட்டு?"

சிவகாமி அதற்கப்புறம் கேட்கவில்லை. அவர் சாரலில் நனைந்துகொண்டு, தோட்டத்தின் பின்னாலிருக்கும் மார்க்கெட் கேட்டின் சங்கிலியைப் பார்க்கப் போனார். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அதனால் போனார்.

திரும்பி வரும்போது கூடையும் கையுமாக எதிரே பெண்கள் வந்தார்கள். முன்னால் பியெரெட், தலையில் காத்தோ பிமா டப்பா. "இன்னைக்குத் திறந்து வச்சிருக்கே! ராஜா செத்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே மார்க்கெட்டுக்குக் குறுக்கு வழியாகப் போனாள். அவர் ஓடினார். பெரிய கேட் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த சாவி இப்போது பூட்டில் தொங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப் பெஞ்சில், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிவகாமி உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு அடி ரோடு. அவள் இவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

மேட்டு வளைவில் ஒரு கறுப்புக் கார் திரும்புகிற மாதிரி இருந்தது. வீரசாமி கேட்டைச் சாத்தினார். பூட்டினார். சாவியை எடுத்தார். கார் வந்தது. அது மதாமின் கார் இல்லை, யாரோ டாக்ஸிக்காரன். அதற்குள் பஸ் வந்து மறைத்தது. பஸ் போனதும் பெஞ்சில் யாரும் இல்லை.

அந்தப் பெண்கள் மார்க்கெட் கேட்டில் சங்கிலியைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். இங்கே பூட்டு. வழியில் புகுந்தவர்களையும் சேர்த்து நாற்பது பேர். "திறடா!" என்றார்கள். "ஆறு மணிக்கு," என்றார் அவர். திட்டினார்கள், அழுதார்கள், பிறகு கற்பூர மரத்தடியில் உட்கார்ந்து விற்க வைத்திருந்ததையெல்லாம் தின்று தீர்த்தார்கள். இவர் கேட்டுக்கு முதுகைக் காட்டாமல் நின்றார். மதாமின் கார் நாலு மணிக்கு வந்தது. கேட் மூடியிருந்தது. முகம் ஒன்று திரும்பியது, போயிற்று.

ஆறு மணிக்குத் திறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று அங்கிருந்த காவல்காரன் உள்ளே விடவில்லை. கெஞ்சினார். அவன், "நான் திறந்தா என் வேலை போயிடும்," என்றான். வீரசாமிக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. மறுநாள் பார்வை நேரம் பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் முடித்துவிடலாம் என்று காலையில் மதாம் வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் நின்றார். "ஃபெர்மே?" "ஃபெர்மே, மதாம்." அவர் கையில் வாழைப்பழச் சீப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சிவகாமி இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

கோர்ட்டில் கூட்டம். மார்க்கெட்டே பாதி வந்திருந்தது. வாசுகி இரண்டாவது வரிசையில், கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

மெத்ர் கோபாலகிருஷ்ணன் எழுந்து நேராகக் கேட்டார். "எழுபத்தைந்து ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி, பெரிய கேட் திறக்கப்பட்டதா?"

"ஆமா."

"திறந்தது யார்?"

நான் என்று ஒரு சொல்தான். மகள் இரண்டாவது வரிசையிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், சொல்லு, சொல்லு என்று. சொன்னால் தோட்டம் ஊருக்கு, வீடு இவருக்கு, கதை அவளுக்கு. எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும். அவருடைய கண்ணுக்கு முன்னால் சிவகாமி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். ஆணியிலிருந்து அந்தக் கனமான சாவியை எடுத்தாள். துரு ஏறிய பூட்டு அது. ஆரோக்கியமான ஆளுக்கே இரண்டு கையும் வேண்டும். அந்த வலியோடு அவள் அதை எப்படித் திருப்பினாள் என்பது பதினாலு வருஷமாக அவருக்குப் பிடிபடாத விஷயம். அந்த ஒரு வேலையையும் அவளிடமிருந்து பிடுங்கித் தன் பெயரில் எழுதிக்கொள்வதா?

"நான் இல்ல," என்றார்.

வக்கீல் மூக்கு வரை இறங்கிய கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கெர்வால் தரப்பு வக்கீல் மெத்ர் லிண்ட்சே, கூப்பிடுவதற்கு முன்பே எழுந்துவிட்டார்.

"ஆக, காவலன் திறக்கல?"

"திறக்கல. என் பொஞ்சாதி திறந்தா."

"உங்க அனுமதியோடவா?"

"கேட்டா. நான் குடுக்கல."

"அப்போ உங்களுக்குத் தெரியாம, அனுமதியில்லாம, ஒரு பெண் சாவிய எடுத்தா. நீங்க பார்த்த உடனே கடமை தவறாத காவலனாப் பூட்டிட்டீங்க. சரிதானே?"

"பூட்டினேன். கடமை கிடமை எல்லாம் எனக்குத் தெரியாது. பயத்துல பூட்டினேன்."

நீதிபதி குறுக்கிட்டார். "உள்ளே நாற்பது பேர் இருக்கும்போது எதுக்குப் பூட்டினீங்க?"

"மதாம் கார் வரும். கேட் மூடியிருந்தா போதும். உள்ள யாரு இருக்காங்கன்னு கார்லேர்ந்து தெரியாது."

கோர்ட்டே சிரித்தது. பின்னாலிருந்து பியெரெட், "மழை வேற, மிலோர்! ஒருத்தன் குடை குடுக்கல!" என்று நீதிபதியைப் பார்த்துக் கத்தினாள். சேவகன் அதட்டினான்.

"அந்த நேரத்துல உங்க மனைவி எங்கே?" என்றார் நீதிபதி.

"எதிர்ல. பஸ் ஸ்டாப்புல."

"நீங்க பூட்டினத அவங்க பார்த்தாங்களா?"

"பாத்தா."

சிரிப்பு நின்றுவிட்டது. வீரசாமி இரண்டாவது வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றார். பார்த்தார். நீலச் சேலை அசையாமல் இருந்தது.

தீர்ப்பு வர நான்கு மாதம் ஆயிற்று. அதை இங்கேயே சொல்லிவிடலாம். கேட்டை மூடுவது பத்திரத்தின் பேச்சு இல்லை, தோட்டத்தை ஜனங்களுக்கு மூடுவதுதான் பேச்சு. நாற்பது பேர் உட்கார்ந்து வடை தின்ற தோட்டம் மூடிய தோட்டம் ஆகாது. சாவி காவலன் வீட்டுச் சாவி, திறந்தவள் காவலன் வீட்டுப் பெண் என்று நீதிபதி எழுதினார். நிலம் ஊருக்கு வந்தது. ஃபாக்டரி வேறிடம் போயிற்று. நகரசபை கேட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்தின் சரித்திரம் என்று ஒரு பலகை வைத்தது. கெர்வால் பெயர் இருக்கிறதாம், மலேரியா இருக்கிறதாம், புயல்கள் இருக்கின்றனவாம். சிவகாமி பெயர் இல்லையாம். படித்துச் சொன்னவன் ஜில்பெர். அவன் சொன்னதில் வீரசாமி நம்பியது இது ஒன்றைத்தான். வீட்டில் அவர் இருந்துகொள்ளலாம் என்று விட்டார்கள். சாவியும் அவரிடமே.

ஆனால் சாட்சி சொன்ன அந்தச் சாயங்காலம் இதெதுவும் தெரியாது.

வாசுகி அப்பாவோடு பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம், அவள் வழிப் பக்கம். அவர் எப்போதும் இறங்குகிற ஸ்டாப் வந்தது. அவர் எழுந்தார். அவள் முழங்காலை நகர்த்தவில்லை. பஸ் கிளம்பியது. அடுத்த ஸ்டாப்பில் அவளே மணியடித்தாள், இறங்கினாள். அவரும் இறங்க வேண்டியதாயிற்று. பதினாலு வருஷத்துக்குப் பிறகு அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் அவருடைய கால் பட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

வாசுகி பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே கேட் திறந்திருந்தது. உள்ளே கல் வீடு, அதன் கதவு, வெளியே காயப்போட்ட அவருடைய சட்டை, பின்னால் கற்பூர மரங்கள், ஒன்பது படி. எல்லாம் அங்கிருந்து கைக்கெட்டுகிற மாதிரித் தெரிந்தது.

"அம்மா வெளியில வந்தப்போ கேட்டைச் சாத்தல," என்றாள்.

"முடிஞ்சிருக்காது. வலி."

"திறக்க முடிஞ்சவங்களுக்குச் சாத்தவா முடியாது? சும்மா தள்ளுனா போதும்." அவள் குரல் ஏறவில்லை. "நீ பின்னால வருவேன்னு திறந்து வச்சிருந்தாங்க, அப்பா."

வீரசாமி நின்றுகொண்டே இருந்தார். எத்தனையோ வருஷமாக, அவள் ஏன் சாத்தாமல் போனாள், சாத்தியிருந்தால் அந்தப் பெண்கள் உள்ளே வந்திருக்க மாட்டார்களே, இவ்வளவும் நடந்திருக்காதே என்று மனசுக்குள் அவளைக் கடிந்துகொண்டிருந்தார். இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

தூரத்து ஃபாக்டரியில் ஆறு மணிச் சங்கு ஊதியது. மற்ற நாட்களில் தோட்டம் மூடும் நேரம் அது. அவர் கை தானாகவே இடுப்பில் சாவியைத் தொட்டது. வாசுகி அதைப் பார்த்தாள்.

"போ. சாத்து," என்றாள். "நான் இங்க இருந்து பாக்கறேன்."

"வாசுகி..."

"போன்னா போ. உன் வேலை அது."

அவர் ரோட்டைக் கடந்தார். உள்ளே போனார். கடைசியாக இருந்த இரண்டு பேரை வெளியே அனுப்பினார். இரும்புக் கதவை இழுத்தார், சாவியைப் போட்டார். துரு ஏறிய பூட்டு. இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது கம்பிகளுக்கு நடுவில் பெஞ்ச் தெரிந்தது, அதில் மடியில் கையை வைத்துக்கொண்டு நீலச் சேலை.

ரோஸ் பெல் பஸ் வந்து குறுக்கே நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். வீரசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகர்வதற்காகக் காத்து நின்றார்.

நகர்ந்தது. பெஞ்சில் யாரும் இல்லை.